கிளட்ச் இல்லாத வண்டிக்காரர்

பழைய டிவிஎஸ் 50 வைத்திருப்பவர் தமிழ்நாட்டில் எல்லா ஊர்களிலும் காணப்படுபவர். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியிருப்பார். மளிகைக் கடை, பால் சொசைட்டி, தென்னந்தோப்பு, ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டுத் திண்ணை ஆகியவை இவருடைய இருப்பிடங்கள். இவ்வண்டி 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்தது. தம்மிடம் இருப்பது அந்த முதல் வருஷத்து வண்டிதான் என்பார் இவர், ஆர்.சி. புத்தகம் அதற்கு ஒத்துவராது. இரண்டு பேர் உட்காரும்படி செய்யப்பட்ட மொபெட் இது. இவர் கணக்கில் இரண்டு பேர் என்பது மனைவி, பேரன், ஒரு சிப்பம் தவிடு நீங்கலாக.

வண்டியைப் பற்றி இவருக்குச் சில அசையாத நம்பிக்கைகள் உண்டு. வாங்கிய விலைக்கு மேல் இன்று விற்கலாம் என்பது ஒன்று. யாராவது கேட்டால் விற்கமாட்டார் என்பதால் அது இதுவரை பொய்த்ததில்லை. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று இவர் சொல்லும் எண் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் மேலான நம்பிக்கை, "இதுல கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது, அதான் ரிப்பேரே வர்றதில்ல" என்பது. முதல் பாதி உண்மை.

கிளட்ச் இருக்கிறது, பிடித்து அமுக்கக் கைப்பிடிதான் இல்லை. கிராங்க் தண்டோடு சேர்ந்து சுற்றும் ஷூக்களில் உராய்வு லைனிங் ஒட்டியிருக்கும். சிறு ஸ்பிரிங்குகள் அவற்றை உள்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும். சுற்றிலும் ஒரு டிரம். என்ஜின் மெதுவாக ஓடும்போது ஷூக்கள் டிரம்மைத் தொடுவதில்லை, வண்டி நிற்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால், திருவிழாச் சங்கிலி ராட்டினத்தில் நாற்காலிகள் விரிவதுபோல, ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி வெளியே விரிந்து டிரம்மைக் கவ்வும். டிரம் சுற்ற, செயின் சுற்ற, வண்டி நகரும். இத்தனையும் ஒரு மூடிக்குள் நடப்பதால் உரிமையாளரின் நம்பிக்கைக்குப் பல வருஷம் இடையூறு நேர்வதில்லை.

லைனிங் தேய்ந்ததும் இடையூறு தொடங்குகிறது. முறுக்கினால் என்ஜின் அலறும், வண்டி அசையாது. சமதரையில் ஓடிவிடும் வண்டி, இரண்டு பால் கேனோடு ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் பாதி தூரத்திலேயே நின்று முனகும். இவர் இறங்கி, முறுக்கியபடியே கூட ஓடுவார். பார்ப்பவர் விசாரித்தால், "பெட்ரோல் சரியில்ல" என்பது பதில். முன்பு அது கலப்படப் பெட்ரோல், இப்போது எத்தனால்.

பிறகு வைத்தியம் ஆரம்பிக்கும். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். கார்பரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவி ஜெட்டை வாயால் ஊதுவார். டூ-டி ஆயில் கூடிப்போச்சு என்று குறைப்பார்; அடுத்த வாரம் குறைந்துபோச்சு என்று கூட்டுவார். சைலன்சரைக் கழற்றி நெருப்பில் போட்டுக் கரி எடுப்பார். அன்று தெருவில் யாரும் துணி காயப்போட முடியாது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கு இவையெல்லாம் நல்ல பராமரிப்புதான் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இதில் ஒரு வேலைகூடக் கிளட்ச் மூடிக்குப் பக்கத்தில் போவதில்லை. நோயைக் கண்டுபிடிக்கக் காது போதும். முறுக்கியும் என்ஜின் சத்தமே ஏறவில்லை என்றால் குற்றம் பெட்ரோல், கார்பரேட்டர், சைலன்சர் பக்கம். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதற்கும் வண்டிதான் காரணம் என்பது வீட்டம்மாவின் கட்சி.

கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் வருவார். நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"ஐயா, கிளட்ச் தேஞ்சிருக்கு."

"தம்பி, இந்த வண்டியில கிளட்சே கிடையாது. எத்தனை வருஷமா ஓட்டுறேன்!"

மெக்கானிக் வாதாடுவதில்லை; பழைய ஆயிலை வடித்துக் கிண்ணத்தில் காட்டுவார். கிளட்ச் ஆயிலில் முங்கி ஓடுவதால், தேய்ந்த லைனிங்கின் தூள் அதில் கலந்து கறுத்திருக்கும். தீய்ந்த வாடை வரும். உரிமையாளர் அதை முகர்ந்து பார்த்து, இன்னும் ஓட்டலாம் போலிருக்கிறதே என்பார்.

மூடியின் ஸ்க்ரூக்கள் வருவதற்குப் பாதி நாள் ஆகும். உரிமையாளரின் முந்தைய முயற்சிகளால் அவற்றின் தலை வழவழத்துப் போயிருக்கும். உள்ளே கிளட்ச் நட்டைக் கழற்ற என்ஜின் சுற்றாமல் பிடிக்க வேண்டும். தேர்ந்த மெக்கானிக் பிளக் துவாரம் வழியே நைலான் கயிற்றை உள்ளே திணித்து பிஸ்டனைத் தடுப்பார். பிஸ்டன் போர்ட்டைத் தாண்டி மேலே ஏறிய பிறகே கயிறு விடவேண்டும். இல்லையேல் போர்ட்டில் சிக்கி நறுங்கும். ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் உரிமையாளர் இந்தக் கட்டத்தில் சுத்தியலை எடுத்து நீட்டுவது வழக்கம். மெக்கானிக் அதை வாங்கித் தமக்குப் பின்னால் வைத்துவிட்டு புல்லரைப் போடுவார். இறுகிய கிளட்சைச் சுத்தியலால் தட்டினால் கிராங்க் பேரிங்குக்கும் மரைக்கும் கேடு.

ஷூக்கள் வெளியே வரும். லைனிங் தகடு தெரியத் தேய்ந்திருக்கும்; டிரம் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். பளபளத்துப் போனது மட்டுமென்றால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம். விரல் நகம் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் மாற்றுவதே முறை. உரிமையாளர் நகத்தை வைத்துப் பார்த்து, ஒன்றும் தட்டவில்லை என்பார். ஷூக்களில் ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்றும் கேட்பார். போதாது. பிடிப்பு சமமாக இல்லாமல் வண்டி உதறும்.

மூடியை மாட்டப் புது பேக்கிங் வேண்டும். கடையில் கிடைக்காதபோது கெட்டி அட்டையில் அளவாக வெட்டிக்கொள்வது பழைய மெக்கானிக்குகளின் கைவண்ணம். உரிமையாளர் அதற்கென்றே ஒரு கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்திருப்பார். கல்யாணம் அடுத்த வாரமாக இருக்கும். கூடவே மருமகன் காருக்கு மாற்றியதில் மிச்சம் வந்த ஆயிலும் ஒரு பாட்டிலில் வரும். கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருக்கலாம்; ஆயிலில் முங்கிய கிளட்சை அவை வழுக்க வைக்கும். அந்தப் பாட்டிலும் சுத்தியலுக்குப் பக்கத்திலேயே வைக்கப்படும்.

இவ்வளவுக்கும் ஒத்துக்கொள்பவர் ஸ்பிரிங்கில் நின்றுவிடுவார். நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தம்பி புதுசு? கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும். இழுபட்டு இழுபட்டுத் தளர்ந்திருக்கும். பழைய ஸ்பிரிங்கே மீண்டும் ஏறும். தளர்ந்த ஸ்பிரிங்கால் ஷூக்களை உள்ளே பிடித்து வைக்க முடியாது. என்ஜின் மெதுவாக ஓடும்போதே அவை டிரம்மைத் தொட்டுவிடும். நின்ற இடத்தில் வண்டி முன்னே நகரப் பார்க்கும். சிக்னலில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். உரிமையாளர் பிடித்தபடியே பக்கத்து பைக்காரரைத் திரும்பிப் பார்ப்பார்.

"பாத்தீங்களா, நிக்கவே மாட்டேங்குது! கிளட்ச் கிடையாது, அதான்."

புது லைனிங் அந்த சிக்னலிலிருந்தே தேய ஆரம்பிக்கிறது. ஷூ மாற்றுபவர்கள் ஸ்பிரிங்கையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.