கேட்டுப் பார் மாப்ள: ஆல்பம் பரிந்துரையும் மொய்முறையும் பற்றி ஓர் ஆய்வு

தொல்காப்பியர் எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் இலக்கணம் சொன்னார். ஒருவன் இன்னொருவன் காதில் இயர்போனைச் செருகி, “மாப்ள, இத மட்டும் கேளு” என்று சொல்லும் இடத்துக்குச் சொல்லவில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வுக்களம்: டீக்கடை பெஞ்சு, விடுதி மொட்டைமாடி, புறநகர் ரயில், கல்யாண மண்டபத்தின் பின்வாசல். ஆய்வுப்பொருள்: இசை ரசிகர்கள் தாம் புதிதாகக் கண்டெடுத்த ஆல்பங்களை ஒருவர் தலையில் ஒருவர் ஏற்றிவிடும் வழக்கம். கருதுகோள் ஒன்றே. பரிந்துரையில் பாட்டுக்கு இரண்டாமிடம்தான். முதலிடம், அதை யார் முதலில் கேட்டார் என்பதற்கு.

இதை விளக்க மொய் விருந்தை விட்டால் வேறு வழியில்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் ஆடி மாதம் பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கி, வாசலில் நோட்டும் பேனாவுமாக ஆட்களை உட்கார வைப்பார்கள். வந்தவரின் பெயர், ஊர், தொகை மூன்றும் நோட்டில் ஏறும். அவர் வீட்டில் விருந்து வரும்போது, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து எழுத வேண்டும். மறந்தால் உறவு முறியும். இசை ரசிகர் ஒவ்வொருவரிடமும் கண்ணுக்குத் தெரியாத அப்படியொரு நோட்டு இருக்கிறது. யாருக்கு எந்த ஆல்பத்தைச் சொன்னோம், எப்போது சொன்னோம், ஆள் கேட்டானா இல்லையா என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். “போன மாசம் ஒரு ஆல்பம் சொன்னேனே, கேட்டியா?” என்று ஒருவர் விசாரித்தால், அது கேள்வி வேடமிட்ட வசூல்.

வரலாற்றுச் சான்றுகளும் இதையே காட்டுகின்றன. 1952-ல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கருக்குத் திரைப்பாட்டு என்றால் ஆகாது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. நேயர்கள் ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கி அரசு வேலியைத் தளர்த்தியது. ஆனாலும் போனவர்கள் எல்லோரும் திரும்பிவிடவில்லை. நேயர் விருப்பத்துக்குப் போஸ்ட் கார்டு எழுதிய பல பேருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். வானொலி போடாவிட்டாலும் அவர்களே பாடிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது, பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் தங்கள் ஊரையும் பெயரையும் வாசிப்பது. அண்ணன், தங்கை, மாமா, இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தை வரை வரிசையாக. பெயர் வந்ததும் வானொலிப் பெட்டியை விட்டு எழுந்து போய்விட்டவர்களும் உண்டு. பாட்டை மற்றவர்கள் கேட்டால் போதும்.

பிரிட்டனிலும் இதே நோய்க்கு மருந்து கண்டார்கள். பிபிசியில் 1942-ல் ராய் பிளம்லி தொடங்கிய ‘டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சியில், ஆளில்லாத தீவில் ஒதுங்க நேர்ந்தால் எந்த எட்டு இசைத்தட்டுகள் உடனிருக்க வேண்டும் என்று விருந்தினரைக் கேட்பார்கள். தன்னந்தனியாகக் கேட்கப்போகும் பாட்டுகளை நாடு முழுவதற்கும் அறிவித்துவிட்டுத் தீவுக்குப் புறப்படும் முறை இது. எண்பது ஆண்டு தாண்டியும் நிகழ்ச்சி நிற்கவில்லை.

பரிந்துரைக்குக் கையால் தொடக்கூடிய உருவம் கிடைத்தது கேசட்டில்தான். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய இந்தப் பொருள், எண்பதுகளில் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில்கூட ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்ற திருத்தலத்தை உண்டாக்கியது. (பதிப்புரிமைச் சட்டம் அந்தக் கடைகளைப் பற்றி என்ன நினைத்திருக்கும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் நாலு நாளில் பதிந்து தருவார்கள். பட்டியல் போடுவது சாமானிய வேலை அல்ல. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு தாராளமாக நிற்கும், ஏழாவதை நுழைத்தால் கடைசிச் சரணத்தில் பாடகர் வாயைத் திறந்தபடியே நாடா தீர்ந்துவிடும். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் இடம் அதிகம். நாடா மெல்லிசு, சிக்கிக்கொள்ளும் என்று கடைக்காரரே எச்சரிப்பார். பட்டியலின் முதல் பாட்டு எல்லோருக்கும் பிடித்ததாக இருக்கும், அது தூண்டில். மூன்றாவதில்தான் உண்மையான சரக்கு: ஓடாத படம், போஸ்டர்கூட ஒழுங்காக ஒட்டப்படாத படம், ஆனால் இளையராஜா உயிரைக் கொடுத்துப் போட்ட பாட்டு. பதிந்து வந்ததும் அட்டையில் பச்சை மையில் பெயர்கள் எழுதப்படும். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் உடைக்கப்படும். உடைத்துவிட்டால் மேலே வேறு பதிய முடியாது. வாங்கிப் போன நண்பன் அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டி, தங்கச்சியின் பேச்சுப் போட்டி ஒத்திகையைப் பதிந்து வைத்திருப்பான். நட்பு முறிவுக்கு இதைவிடச் சிறிய காரணங்கள் இவ்வாய்வில் பதிவாகியுள்ளன, பெரியவை பதிவாகவில்லை.

அடுத்தது சடங்கு. பரிந்துரைத்தவர் பக்கத்திலேயே இருந்து கேட்க வைக்கும் முறைக்கு ‘சன்னிதிக் கேள்வி’ என்று பெயரிடலாம். ஆளுக்கொரு இயர்போன், நடுவில் இரண்டு டீ.

“இரு, இரு, இப்ப வரும் பாரு.”

“எது மச்சி?”

“செகண்ட் இன்டர்லூட்ல அந்த பேஸ் கிட்டார்... பேசாம கேளு... இந்தா வருது... வந்துச்சு பாத்தியா?”

“எங்க? நீ பேசிட்டே இருந்தியே.”

இதில் ஒரு விதி அடங்கியிருக்கிறது. எந்த நொடிக்காக ஆல்பம் பரிந்துரைக்கப்பட்டதோ அந்த நொடியின் மேல்தான் பரிந்துரைத்தவர் பேசுவார். கண்ணும் இசையின் பக்கம் இருக்காது. எதிராளியின் புருவத்தைக் கவனித்துக்கொண்டிருப்பார். புருவம் ஏறினால் மொய் வரவு வைக்கப்பட்டது. ஏறாவிட்டால் பாட்டு முதலிலிருந்து ஓடும். இரண்டாம் முறை ஓடவிடுவதைவிட உடனே புருவத்தைத் தூக்கிவிடுவது மலிவு என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள்.

புருவம் ஏறாத ஆல்பங்களுக்கென்றே தமிழ் ரசிகர் சமூகம் கண்டுபிடித்த பாதுகாப்பு ஒன்று உண்டு. ரகுமான் ஆல்பம் வெளியான முதல் நாள் ஒருவர் உதட்டைப் பிதுக்கினால், “ஸ்லோ பாய்சன் மச்சி, கேக்கக் கேக்கத்தான் ஏறும்” என்று பதில் வரும். மூன்று முறை கேட்டும் ஏறவில்லையா, இன்னும் மூன்று. ஹெட்போனில் கேட்டாயா? மழை பெய்யும்போது கேட்டாயா? இரவுப் பேருந்தில், ஜன்னலோரம்? பொய் என்று நிரூபிக்க வழியே இல்லாத கூற்று அறிவியல் ஆகாது என்று 1934-ல் எழுதினார் கார்ல் பாப்பர். அவர் ஸ்லோ பாய்சன் கோட்பாட்டை அறிந்திருந்தால் எடுத்துக்காட்டுக்கு அலைந்திருக்க மாட்டார். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்: பல ஆல்பங்களின் விஷயத்தில் அந்தக் கோட்பாடு உண்மையாகித் தொலைத்திருக்கிறது. எரிச்சலூட்டும் விஷயமே அதுதான்.

கேட்போர் வகையை நன்னூலார் முன்பே முடித்து வைத்திருக்கிறார். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று அவர் பிரித்ததை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாலும் நீரும் பிரிக்கும் அன்னம் அரிது. சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளி ஏராளம். “பேஸ் கிட்டார் செம” என்பதை மறுநாள் நமக்கே பரிந்துரைக்கும். செடிக்கொரு வாய் மேயும் ஆடு, பாட்டுக்கு முப்பது விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். குளத்தைக் கலக்கும் எருமை, பாட்டின் பதினைந்து விநாடியை வெட்டி ரீல்ஸ் போடும். கவனத்துக்குரியது நெய்யரி. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தப் பன்னாடை, ஆல்பத்தின் இசையை விட்டுவிட்டு, எந்த ஸ்டுடியோ, எந்த ஆண்டு, எந்த நிறுவன வெளியீடு என்பவற்றை மட்டும் தக்கவைக்கும். இந்தக் கட்டுரையை எழுதக்கூடிய தகுதி அவ்வகையாருக்கே உண்டு.

இனி மூப்பு பற்றிய நூற்பா. பழைய சுவடி எதிலும் கிடைக்காமல் போகவே இங்கேயே செய்துகொள்ளப்பட்டது:

முன்னர்க் கேட்டோன் மூத்தோன் ஆகும்;
பின்னர்க் கேட்டோன் பேசா திருக்கும்.

‘மூத்தோன்’ என்றது வயது நோக்கியன்று. பத்தொன்பது வயதுப் பையன் ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து, “அங்கிள், நீங்க இப்பதான் கேக்குறீங்களா?” என்று கேட்கும்போது மூப்பு பையனிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த மூப்புக்கு உரைகல்லாக நெடுங்காலம் இருந்தது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986-ல் வந்த இந்தக் கருவியிசை ஆல்பம் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கை, வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர். “ராஜாவோட சினிமாப் பாட்டெல்லாம் கேட்டிருப்பே, இது கேட்டிருக்கியா?” என்று ஆரம்பித்துப் பல மாலைகள் களவு போயின. ஆனால் ‘கேட்டதில்லை’ என்றவர்களில் பலர் கேட்டிருந்தார்கள். பாலு மகேந்திரா தம் ‘வீடு’ படத்தின் பின்னணிக்கு அந்த ஆல்பத்தின் இசையைத்தான் பயன்படுத்தினார். ஆகவே படம் பார்த்தவன், தான் எப்போது மூத்தோன் ஆனோம் என்றே தெரியாமல் மூத்திருந்தான். அதே ஆல்பத்தில் ‘டோன்ட் கம்பேர்’ என்றொரு பகுதி இருக்கிறது. ரசிகர்கள் அதை எதனோடெல்லாம் ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பதைத் தொகுத்தால் தனி ஆய்வேடு.

மூப்புச் சிக்கலின் உச்சம் சரண்ஜித் சிங். பம்பாய் ஸ்டுடியோக்களில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துவந்த அவர், 1982-ல் ரோலண்ட் நிறுவனத்தின் புதிய மின்னணுக் கருவிகளை வைத்து ‘சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற தட்டைப் பதிந்தார். பைரவ், லலித், பூபாளி என்று பத்து ராகங்கள். அடியில் இயந்திரத் தாளம். யாரும் சீண்டவில்லை. இருபது ஆண்டு கழித்து 2002-ல் எடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் டெல்லியில் அதன் பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். 2010-ல் மறுவெளியீடு வந்ததும் மேற்கத்திய ரசிகர்கள் மூச்சடைத்துப் போனார்கள். காரணம், சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசை வகையின் தொடக்கமாகச் சொல்லப்படும் பதிவு வந்ததே 1987-ல். அந்தப் பதிவில் ஒலித்த அதே சிறு பேஸ் கருவியை ஐந்தாண்டு முன்பே ஒருவர் ராகத்துக்குப் பழக்கியிருக்கிறார். நம் நூற்பாவின்படி யார் மூத்தோன்? கண்டெடுத்த டச்சுக்காரரா, வெளிவந்தபோதே வாங்கிப் பரணில் போட்டுவிட்ட யாரோ ஒரு டெல்லிவாசியா? வாசித்த சரண்ஜித் சிங்கை ரசிகர் உலகம் மூன்றாவதாகத்தான் விசாரித்தது.

தமிழுக்கும் இந்தச் சுற்றுவழி வாய்த்திருக்கிறது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் இளையராஜாவின் பழைய சினிமாப் பாட்டுகளைத் தொகுத்து ‘சொல்ல சொல்ல’ என்ற பெயரில் தட்டாக வெளியிட்டது. சேலத்தில் டேப் ரெக்கார்டரில் தேய்ந்த பாட்டு மான்செஸ்டர் போய், பளபளப்பான உறையில், இறக்குமதி விலையில் சேலத்துக்கே திரும்பியது. வாங்கிய மகன் அப்பாவுக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டியிருப்பான். ‘தளபதி’ பாட்டொன்றின் துண்டு 2007-ல் லண்டன் பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘காலா’ ஆல்பத்தில் வந்தபோதும், ராஜாவை லண்டன் வழியாகக் கண்டுபிடித்த தமிழர்கள் இருந்தார்கள். மொய் நோட்டில் இத்தகைய வரவை யார் பெயரில் எழுதுவது என்பது தீராத வழக்கு.

இயந்திரம் வந்த பின் நோட்டே குழம்பிவிட்டது. ஸ்பாட்டிஃபை 2015-ல் ‘டிஸ்கவர் வீக்லி’யைத் தொடங்கி, திங்கள்தோறும் முப்பது பாட்டுகளை ஆளுக்கேற்றபடி பொறுக்கித் தந்தது. 2019-ல் அந்தச் செயலி இந்தியாவுக்கும் வந்தது. அதன் பொறுக்கல் பல நண்பர்களின் பொறுக்கலைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது “கேட்டியா?” என்று கேட்பதில்லை, புருவத்தைப் பார்ப்பதில்லை, கேட்காவிட்டால் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்துவதுமில்லை. வாங்குபவனுக்குக் கடனே ஏறாத பரிந்துரை. விளைவு, திங்கட்கிழமை இயந்திரம் தந்த ஆல்பம் செவ்வாய்க்கிழமை, “சும்மா தேடிட்டிருந்தப்போ மாட்டுச்சு மச்சி” என்ற முன்னுரையோடு வேறொருவர் கணக்கில் ஏறுகிறது. இயந்திரம் ஆட்சேபிப்பதில்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸும் மைக்கேல் புரூக்கும் சேர்ந்து 1995-ல் செய்த ‘ட்ரீம்’ ஆல்பத்தை இப்படிச் சொந்தக் கண்டுபிடிப்பாக அறிவிப்பவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய ஆல்பம்தான். யார் சொன்னாலும் கேட்கலாம்.

கடைசியாக, கேட்காமலே மொய் செய்யும் கலை. இதற்கென்று பாதுகாப்பான வாசகங்கள் சில புழக்கத்தில் உள்ளன. “மிக்ஸிங் பிரமாதம்” எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும். “முதல்ல புடிபடல, அப்புறம் இழுத்துருச்சு” என்பது இரண்டு முறை கேட்ட தோற்றம் தரும். “கடைசி டிராக் தனி லெவல்” என்பதைத் தேர்ந்தவர்களே கையாளுவார்கள். பரிந்துரைத்தவரும் அதுவரை போயிருக்க மாட்டார் என்ற நம்பிக்கைதான் அதற்கு அடிப்படை. இந்த மோசடியைப் பிடிக்கப் பரிந்துரையாளர்களும் பொறி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு இளையராஜா செய்த ‘நத்திங் பட் விண்ட்’ அதற்கு மிகவும் ஏற்றது.

“கேட்டியா மாப்ள?”

“ரெண்டு தடவை கேட்டாச்சு.”

“எட்டாவது டிராக் எப்படி?”

“அதுதான்டா மாஸ்டர்பீஸே!”

அந்த ஆல்பத்தில் இருப்பவை மொத்தம் ஐந்து.