தலையில் முள் வைத்த தம்பி

கான்பெரா,
புரட்டாசி மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீ கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு நடந்தது உனக்கே தெரியும். குடும்ப குரூப்பில் விளக்கம் போடலாம் என்றால் பெரியப்பா மகன் அதை எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பான். அதனால்தான் கடிதம். படித்துவிட்டு அம்மாவுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் சொல்.

"தலையில என்னல அது, முள்ளம்பன்றி கணக்கா?" என்றாய். ஹெல்மெட்தான். அதிலிருந்து குத்திட்டு நிற்பது டேக். நம் வீட்டில் வயரிங் பண்ணின பையன் ஒயரையெல்லாம் சேர்த்துக் கட்டி வாலை நறுக்கினானே, அதே பிளாஸ்டிக் டேக். நான் வாலை நறுக்கவில்லை. இங்கே யாரும் நறுக்குவதில்லை. செப்டம்பர் பிறந்துவிட்டால் இந்த நாட்டின் தலைநகரத்தில் வக்கீல், டாக்டர், அரசாங்கத்தில் கொள்கை வகுக்கிற அதிகாரி என்று சைக்கிள் மிதிக்கிறவர்களில் பாதிப் பேர் தலையில் முள்ளோடுதான் ஆபீஸ் போகிறார்கள். ஏரிக்கரைப் பாதையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் உனக்குச் சிரிப்பு அடங்காது.

சைக்கிளுக்கு எதற்கு ஹெல்மெட் என்று அத்தான் கேட்பார். மோட்டார் சைக்கிளிலேயே அதைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறவர் அவர். இங்கே சட்டம். 1990ல் விக்டோரியா மாநிலம் ஆரம்பித்துவைத்தது, ஓரிரு வருஷத்தில் நாடு முழுக்க வந்துவிட்டது. போலீஸ் பிடித்தால் அபராதம். டீ குடிக்க ஐம்பது ரூபாய் நீட்டுகிற பேச்செல்லாம் இல்லை.

ஆனால் முள்ளுக்குக் காரணம் போலீஸ் இல்லை, மேக்பை என்கிற பறவை. காக்கா அளவு இருக்கும். கறுப்பு உடம்பு, பிடரியிலும் தோளிலும் வெள்ளை. விடியற்காலையில் அது பாடுவதைக் கேட்டால் இது அடிக்காது என்று சத்தியம் பண்ணுவாய். குஞ்சு பொரிக்கிற காலத்தில் மட்டும் ஆண் பறவைக்குப் பைத்தியம் பிடிக்கிறது. எல்லா ஆணுக்கும் இல்லை, பத்தில் ஒன்றுக்குத்தான். அந்த ஒன்று என் ஆபீஸ் போகிற வழியில் யூகலிப்டஸ் மரத்தில் குடியிருக்கிறது.

பிரிஸ்பேனில் கிரிஃபித் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டாரில் ஜோன்ஸ் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார். அவர் கண்டுபிடித்தது கேள். ஒரு பறவை நடந்து போகிறவர்களை மட்டும் அடிக்குமாம். இன்னொன்று சைக்கிள்காரர்களை மட்டும். வேறொன்று தபால்காரரை மட்டும். நம் தாலுகா ஆபீஸில்கூட இத்தனை கறாராகப் பிரிவு பார்த்து வேலை நடக்காது. நம்முடையது சைக்கிள் பிரிவு. பின்னாலிருந்துதான் வரும். முதலில் காதோரம் காற்று, அடுத்து அலகு சொடுக்குகிற சத்தம், அடுத்து மண்டையில் 'டொக்'. திரும்பிப் பார்த்தால் விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கும்.

அதை ஒன்றும் செய்ய முடியாது. பாதுகாக்கப்பட்ட உள்நாட்டுப் பறவை. கல்லை எடுத்தால் நான்தான் கோர்ட்டுக்குப் போகணும். அரசாங்கம் செய்வதெல்லாம் மரத்தடியில் 'இங்கே பறவை தாக்கும்' என்று பலகை வைப்பதுதான். பலகை பார்த்ததும் ஜனங்கள் வழி மாறிப் போகிறார்கள். வரிசையில் எவனாவது நுழைந்தால் பொங்குகிற ஊர், ஒரு பறவைக்கு ரோட்டையே எழுதிக்கொடுத்திருக்கிறது. இதில் கோபமும் கிடையாது. 2017ல் நாட்டின் பிரியமான பறவை எது என்று ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள், ஜெயித்தது மேக்பை. இரண்டாவது இடம் யாருக்கு என்றால், குப்பைத் தொட்டியைக் கிளறித் தின்கிற வெள்ளை ஐபிஸுக்கு. கூந்தன்குளத்துக்கு வருமே வெள்ளை அரிவாள் மூக்கன், அதற்குப் பங்காளி. நம் ஊரில் குளமும் வயலுமாக மரியாதையாக வாழ்கிற குடும்பம், இங்கே வந்து பார்க்கில் பிள்ளைகள் கையிலிருக்கிற சிப்ஸைப் பறிக்கிறது. வெளிநாடு வந்தால் எல்லாருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது.

சரி, டேக் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸில் இதில் மூன்று மடங்கள் உண்டு. ஹெல்மெட்டின் பின்பக்கம் இரண்டு பெரிய கண் வரைந்தால், பார்க்கிறான் என்று நினைத்துப் பறவை வராது என்பது ஒரு மடம். கூலிங் கிளாஸைத் தலைக்குப் பின்னால் மாட்டுவது அதன் கிளை. இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போ என்பது இரண்டாவது. அது கோழைகள் மடம், அரசாங்கமும் அதைத்தான் சொல்கிறது. மூன்றாவது எங்கள் டேக் மடம். இதற்குள்ளேயே வடகலை, தென்கலை. டேக் நேராக நிற்கணும் என்று ஒரு கட்சி, பின்னால் சாய்ந்திருக்கணும் என்று ஒரு கட்சி. கறுப்பு டேக்கா வெள்ளை டேக்கா என்று ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனது. நான் பத்தில் ஆரம்பித்தேன். பறவை அதற்கு நடுவே லாவகமாக இறங்கிற்று. இருபதாக்கினேன். சைக்கிள் போகும்போது அத்தனையும் காற்றில் கிடுகிடு என்று ஆடுகிற சத்தம் இருக்கிறதே, எதிரே வருகிற நாய் வழி விடுகிறது, பறவை விடவில்லை. டேக்கால் பெரிய பலன் இல்லை என்றுதான் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒரு பாக்கெட்டில் நூறு வருகிறது, மீதியை என்ன செய்ய?

மீதியை என்ன செய்வது என்று ஆபீஸில் கண்டுபிடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் என் நாற்காலி முதுகில் டேக். கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பில் டேக். காபிக் கோப்பையின் காதில் ஒன்று. இதெல்லாம் எங்கள் குழுவில் ஆறரை அடி உயரத்தில் ஒருவன் இருக்கிறான், அவன் வேலை. சுப்பிரமணியன் என்கிற என் பெயரை 'சுப்போ' ஆக்கினவனும் அவன்தான். வந்த புதிதில் இவன் எதற்கு என்னை இப்படி வாருகிறான் என்று எனக்கு ராத்திரி தூக்கம் போனது. இப்போது புரிகிறது. இங்கே ஒருத்தன் உன்னிடம் மரியாதையாகப் பேசினால் உன்னை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள். வாரினால் சிநேகிதன். போன ஜூலையில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர், கதவைத் தட்டி ஒரு பெரிய சட்டி பூசணிக்காய் சூப் கொடுத்துவிட்டு, "செத்துப்போனால் உன் பார்க்கிங் இடம் எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். என்னிடம் கார் கிடையாது.

ஆபீஸ் நிர்வாகம் வேறு ரகம். பறவை கொத்தி லேசாக ரத்தம் வந்த அன்று, வேலைக்கு வருகிற வழியில் அடிபட்டால் படிவம் நிரப்பணும் என்றார்கள். நாலு பக்கம். 'சம்பவத்தில் தொடர்புடைய மற்ற நபர்' என்று ஒரு கட்டம். 'அவருடன் உங்களுக்கு ஏற்கெனவே கருத்து வேறுபாடு உண்டா?' என்று அடுத்தது. ஆம் என்று டிக் போட்டேன். 'சமரசப் பேச்சுக்கு நீங்கள் தயாரா?' அதற்கும் ஆம்.

பேச்சு நடத்தி வைத்தது பக்கத்து வீட்டு இத்தாலித் தாத்தா. இருபது வயதில் ஸ்னோயி மலைத் திட்டத்தில் சுரங்கம் தோண்ட வந்தவர். 1949ல் தொடங்கி 1974 வரை நடந்த வேலை. முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆள் வந்து அணை கட்டி, மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பியிருக்கிறார்கள். வேலை முடிந்தும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தக்காளி போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். அதே மேக்பை அவர் சமையலறை ஜன்னலில் வந்து உட்கார்ந்து பாடுகிறது அக்கா! தீனி போடக்கூடாது என்று அரசாங்கம் சொல்கிறது. அவர் கொத்துக்கறி போடுகிறார். "அதற்கு முகம் தெரியும். நீ முகத்தை மூடிக்கொண்டு வேகமாகப் போகிறாய், திருடன் என்று நினைக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்" என்றார். முகம் அடையாளம் தெரியும் என்பது நிஜம்தான், ஆராய்ச்சியே சொல்கிறது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் வாழ்கிற பறவை. தெருவில் யார் யார் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். சாயங்காலங்களில் அவரோடு உட்கார ஆரம்பித்தேன். அவர் தினமும் "உன் அம்மா எப்படி இருக்கிறாள்?" என்று கேட்பார். இந்த ஊரில் அதைக் கேட்கிற ஒரே ஆள்.

இப்போது, நேற்று போனில் அம்மா அழுததற்கு வருகிறேன். மகாளய அமாவாசைக்குப் பாபநாசம் வர முடியவில்லை. லீவு கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. அன்றைக்குக் காலையில் குளித்து, சாதம் வைத்து, பருப்பு, வாழைக்காய்க் கறி, நாலு வடை சுட்டு, வேலிக் கட்டைமேல் இலை போட்டு வைத்தேன். இலை என்றால் அலுமினியத் தாள். காக்கா இங்கே உண்டு. அதுக்குக் கண் வெள்ளை. 'கா' என்று கூப்பிடாது, பிள்ளை சிணுங்குவது மாதிரி இழுத்து அழும். அது எதிர் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்ததே தவிர இறங்கவில்லை. இறங்கியது யார் தெரியுமா? மேக்பை. சாதத்தை ஒதுக்கிவிட்டு நேராக வடையை எடுத்தது. இதை அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லப்போய்த்தான், "அது உங்கப்பாதான்ல. திவசத்துக்கு வரலைன்னு உன்னைத் தலையில குட்டுதாரு" என்று அழ ஆரம்பித்தாள்.

சிரிக்கத்தான் பார்த்தேன். ஆனால் அப்பா குட்டுவது அந்த இடத்தில்தான், உச்சியிலிருந்து கொஞ்சம் பின்னால். பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் பதிமூன்றேழு வரும்போது விழும். சாதத்தைத் தள்ளிவிட்டு வடையை எடுக்கிற பழக்கமும் யாருடையது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆபீஸில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார், எண்பதுகளில் வந்தவர். கறுப்பு வெள்ளைப் பறவை தின்றால் படையல் கணக்கில் வருமா என்று அவரிடம் கேட்டேன். "வந்தது ஆர் எண்டு பாக்காத தம்பி, சாப்பிட்டிட்டுதோ எண்டு பார்" என்றார். தன் அம்மா இறந்தபோது அவரால் ஊர் போக முடியாமலிருந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மத்தியானம் அவர் பெட்டியிலிருந்து மாசிச் சம்பல் நீட்டினார். நான் சைவம் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒருநாளும் ஞாபகம் இருந்ததில்லை.

வடை தின்ற மறுநாள் காலை பறவை என்னை அடித்தது. அதற்கடுத்த நாளும். இத்தாலித் தாத்தாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. வடையில் மிளகு போட்டாயா என்று விசாரிக்கிறார்.

அம்மாவிடம் சொல்லவேண்டாத ஒன்று. 2019ல் வல்லங்காங் பக்கத்தில் வயதான ஒருவர் இந்தப் பறவையிடமிருந்து விலகப்போய் சைக்கிளோடு வேலிக் கம்பத்தில் மோதி இறந்துபோனார். அதனால் இப்போது அந்த மரம் வந்ததும் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். கோழைகள் மடத்தில் சேர்ந்துவிட்டேன் என்று ஆறரை அடி கேலி பண்ணுகிறான். டேக்கை மட்டும் எடுக்கவில்லை, மடத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

இனி காரியம். நவம்பர் போனால் குஞ்சு பறந்துவிடும், பறவையும் மனுஷனாகிவிடும். அம்மாவை டிசம்பரில் அனுப்பு. இங்கே அப்போது கோடை, அவளுக்கு ஒத்துக்கொள்ளும். பாஸ்போர்ட் மார்ச்சில் முடிகிறது. அத்தானை இந்த வாரமே திருநெல்வேலி சேவா கேந்திராவில் அவளுக்கு நேரம் எடுக்கச் சொல். புது பாஸ்போர்ட் வந்ததும் அதன் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் படம் பிடித்து எனக்கு அனுப்பு, விசாவுக்கு நான் போடுகிறேன். கருவேப்பிலை, விதை, பழம் எதுவும் பெட்டியில் வேண்டாம், ஏர்போர்ட்டில் மோப்ப நாய் இருக்கிறது. அப்பளம், வடகம், ஊறுகாய் என்று எது வைத்தாலும் விமானத்தில் கொடுக்கிற அட்டையில் 'சாப்பாட்டுச் சாமான் உண்டு' என்ற இடத்தில் டிக் போடணும், போடாவிட்டால்தான் அபராதம். அம்மாவுக்கு அதை இப்போதிருந்தே சொல்லிக்கொடு.

இப்படிக்கு,
உன் தம்பி
சுப்பிரமணியன்