சான்றிதழ் வந்தால்தான் சக்கரம் சுழலும்

நிலக்கோட்டையில் கார் ரேஸுக்கு ரசிகர்கள் உண்டு என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வத்தலக்குண்டு ரோட்டில் தனியார் பஸ் படியில் தொங்கிப் பழகியவனுக்கு வேகம் புதிதா என்ன? சென்னைத் தீவுத்திடலில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் என்றதும், பூமார்க்கெட் இளவட்டங்கள் கொடைரோட்டில் ரயிலேறிவிட்டார்கள். 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது; மிக்ஜாம் புயல் ஓவர்டேக் செய்துவிட்டது.

2024 ஆகஸ்ட் 31. மூன்றரை கிலோமீட்டர் தடம், 19 வளைவுகள். போய்ப் பார்த்தால் கார்கள் நிற்கின்றன. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பாதுகாப்புச் சான்றிதழ் வரவில்லையாம். மதியம் வரை கெடு; உயர் நீதிமன்றத்தில் கேட்டு இரவு வரை நீட்டிப்பு. பறக்கிற காரும் ஒரு கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கிறது என்றதும், பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்களுக்கு மனசு குளிர்ந்தது.

கடைசியில் கார் வந்தது. வந்தது என்பதற்குள் போய்விட்டது. செல்போனில் பதிவானது முன்னால் நின்றவரின் பிடரியும் ஒரு ‘விர்ர்’ரும்தான். முந்திப் போனது முதல் ஆளா, ஒரு சுற்று பின்தங்கிய ஆளா? பக்கத்தில் கேட்டால், அவரும் நம்மையே கேட்கிறார்.

2011-இல் கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா 1 பயிற்சி ஓட்டத்தின்போது ஒரு தெருநாய் தடத்துக்குள் புகுந்து, ஓட்டத்தையே நிறுத்த வைத்தது. டிக்கெட் வாங்காமல், யார் தலையும் மறைக்காமல் ரேஸ் பார்த்த ஒரே இந்திய ரசிகர் அதுதான்.