‘அன்லிமிடெட்’ என்னும் நூற்பாவும் அதன் உரை வேறுபாடுகளும்

மதுரை மாநகரிலும் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி வட்டாரங்களிலும் இன்று மிகுதியாகப் பயிலப்படும் நூற்பா, ரீசார்ஜ் கடை வாசலில் தொங்கும் பதாகையில் காணப்படும் ‘அன்லிமிடெட்’ என்பதாகும். அதன் தலைமாட்டில் உள்ள உடுக்குறி, உரை வேறிடத்தில் இருப்பதைச் சுட்டும். கண்ணாடி அணிந்தோரும் ஐயுறும் எழுத்தில் பதாகையின் அடிவிளிம்பில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ எனக் காண்பதே அவ்வுரை. நக்கீரரையும் நச்சினார்க்கினியரையும் உரையாசிரியராகப் போற்றும் ஊரில் மூலத்தினும் உரை நீள்வது குற்றமாகாது. மூலம் அசையாதிருக்க உரை மட்டும் மாறிக்கொண்டே வருவதுதான் ஆராயத்தக்கது.

2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கிய ஜியோ, நாளொன்றுக்கு 4 ஜிபி வரை இலவசமாக வழங்கியது; 2017 பிறந்ததும், நூற்பாவில் ஓரெழுத்தும் திரியாமல், உரை 1 ஜிபி எனத் திருத்தம் பெற்றது. குரலழைப்புக்கு என்றைக்கும் கட்டணமில்லை என்ற வாக்கு, 2019 அக்டோபரில் பிற நிறுவன எண்களுக்கு நிமிடத்துக்கு 6 பைசா எனப் பொருள்கொள்ளப்பட்டு, 2021 சனவரி 1 அன்று பழைய பொருளுக்கே மீண்டது. மாதம் என்பதற்கு 28 நாள் எனப் பொருள் கண்டதால் ஆண்டுக்கு 13 மாதங்கள் ஆயின. சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டோடு நிறுத்திய முன்னோர் பதின்மூன்றாவதற்குப் பெயர் விட்டுச் செல்லவில்லை. 30 நாள் திட்டம் ஒன்றேனும் வேண்டுமென தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2022 சனவரியில் ஆணையிட்ட பின்னும் 28 வழக்கொழியவில்லை.

உரைகளுள் நுட்பமானது வேகக் குறைப்பு. அன்றைய அளவு தீர்ந்தபின் இணைப்பு அறுவதில்லை, நொடிக்கு 64 கிலோபிட்டாகத் தளர்கிறது. ஆதலால் நூற்பா பொய்க்கவில்லை என்பது உரைகாரர் வாதம். எட்டுப் பிட்டு ஒரு பைட் ஆதலின் இது நொடிக்கு 8 கிலோபைட். 1 எம்பி அளவுள்ள கல்யாணப் படமொன்று வந்துசேர இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். இமை கொட்டாது 24 மணி நேரம் இறக்கினாலும் ஏறத்தாழ 691 எம்பிதான் தேறும் என்பதால், வரம்பின்மைக்கும் எண்ணால் குறிக்கத்தக்க வரம்பு உண்டென்பது பெருக்கல் வாய்பாடு அறிந்தோர்க்குத் தெளிவு. இந்நிலையை வட்டாரத்தார் ‘வட்டம் சுத்துது’ என்பர். அப்போது பக்கத்திலிருப்பவரிடம் ‘அண்ணே, ஹாட்ஸ்பாட்டப் போட்டு விடுங்கண்ணே’ என்று இரத்தல் இழிவெனக் கொள்ளப்படுவதில்லை. இரவு பதினொன்றரைக்கு மேல் ஈவோர் தொகை பெருகுமெனினும், எஞ்சியது நள்ளிரவில் எப்படியும் காலாவதியாகும் ஆதலால், அக்கொடையைப் பாரியின் கொடையோடு வைத்தெண்ணுதல் பொருந்தாது.

வரம்புக்குக் கூறப்படும் காரணம் ‘நியாயமான பயன்பாடு’. அதாவது, ஒரு கோபுரத்தின் அலைக்கற்றையை அதன் எல்லைக்குள் இருப்போர் அனைவரும் பகிர்வதால், ஒருவர் மிகுதியாக நுகர்ந்தால் மற்றவர் பங்கு குறையும் என்பது. காரணம் மெய்யே, அளவுகோல்தான் பொருந்தவில்லை. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் வைகைக் கரையில் நெருங்கி நிற்போர் கணக்கில் அன்றைய அளவு குறையாமல் கிடக்க, ஒரு படம் அனுப்புவதே பெரும்பாடாகும். பின்னிரவில் உசிலம்பட்டிப் பக்கத்து மோட்டார் அறையில், வேறெவரும் பயன்படுத்தாத கோபுரத்தின்கீழ், ஒருவர் தனியே சினிமா பார்ப்பாராயின் எவர் பங்கும் குறையாது, அவர் கணக்கு மட்டும் கரையும். நெரிசல் இடத்தையும் வேளையையும் சார்ந்தது, வரம்போ நாட்காட்டியைச் சார்ந்தது என்னும்போது, இவ்வளவுகோல் நெரிசலைத் தணிப்பதைவிட விற்பதற்கே வாகாக வெட்டப்பட்டது என்று கொள்ள இடமுண்டு.

2024 சூலைக் கட்டண உயர்வோடு வெளிவந்த உரைப்படி, ஜியோவிலும் ஏர்டெல்லிலும் அன்லிமிடெட் 5ஜி, நாளொன்றுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டம் உடையோர்க்கே உரியதாயிற்று. வரம்பின்மையை அடைய விரும்புவோர் முதலில் பெரியதொரு வரம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்னும் இவ்விதி புலவர்க்கு மயக்கம் தரலாம். ஜியோ திட்டத்துக்குச் சிம்மக்கல் கடைக்காரர் அந்நாளில் சொல்லத்தக்க பதவுரையில் மயக்கமில்லை: ‘349 போட்டா வரும்ணே, 299க்கு வராது.’