வித்தியாசம் தெரியுதா?

சவுண்டு செக் முடிந்து எல்லோரும் டீக்குப் போன பிறகும் மேடையை விட்டு இறங்காமல், ‘ஈ’ கம்பியை மட்டும் டும்... டும்... என்று தட்டிக்கொண்டு நிற்பவரை உங்களுக்குத் தெரியும். மெல்லிசைக் குழு இருக்கிற ஊருக்கெல்லாம் ஒருவர் உண்டு. எங்கள் குழுவுக்கு வாய்த்தவருக்கும் பெயர் இருக்கிறது. எதற்கு வம்பு, பேஸ் அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். மதுரையிலோ சேலத்திலோ இதைப் படிக்கிற வேறு பேஸ் அண்ணன் யாராவது, “இது என்னைத்தானே எழுதியிருக்க?” என்று சண்டைக்கு வந்தால், ஆமாம் அண்ணே, உங்களையும்தான்.

வேன் ஏறும்போது அவர் தோளில் தொங்கும் பை புதிதாக இருந்தால் நாங்கள் யாரும் அவர் பக்கம் திரும்பமாட்டோம். பேடு வாசிக்கிற தம்பி தூங்குவதுபோல் சாய்ந்துவிடுவான். பாடகி அக்கா ஜன்னல் வழியாக டோல்கேட்டை ரசிக்க ஆரம்பிப்பார். கீபோர்டுக்காரனான நான் காதில் எதையாவது செருகிக்கொள்வேன். புதுப் பை என்றால் புது பேஸ் கிடார். புது பேஸ் என்றால் அன்றைய ராத்திரி முழுக்க ஒரே கேள்வி:

“வித்தியாசம் தெரியுதா?”

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடையாது. “தெரியலண்ணே” என்றால் முகம் வாடிவிடும். அடுத்த மூன்று பாட்டுக்கு வாசிப்பில் உயிர் இருக்காது. “தெரியுதுண்ணே” என்றால் இன்னும் ஆபத்து. “என்ன தெரியுது?” என்பார். அதனால் குழுவில் நாங்கள் சில பதில்களைத் தயாராக வைத்திருக்கிறோம். “அடியில ஒரு இறுக்கம் வந்திருக்கு.” “நடுவுல கொஞ்சம் தெளிவாயிருக்கு.” “முன்ன கும்முனு இருந்துச்சு, இப்ப திம்முனு இருக்கு.” இவற்றை மாற்றி மாற்றிச் சொல்லிக் காலம் தள்ளுகிறோம். ஒருநாள் தபேலாக்காரர் நினைவில்லாமல், “இன்னைக்கு நல்ல இறுக்கம்ணே” என்று சொல்லிவிட்டார். புதியதை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு அன்றைக்கு அவர் கொண்டுவந்திருந்தது பழைய பேஸ். அண்ணன் கோபப்படவில்லை. ராத்திரி முழுக்க யோசித்து, பழையதுதான் உசத்தி என்று முடிவுகட்டி, ரிப்பேர் முடிந்து வந்ததை அந்த வாரமே விற்றுவிட்டார்.

எங்களைக் கேட்பதோடு நின்றால் பரவாயில்லை. பந்தியில் சாம்பார் வாளியோடு போகிறவரை நிறுத்திக் கேட்பார். மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கேட்பார். ஒருமுறை மண்டபத்துக்குப் பின்னால் போய் ஜெனரேட்டர்காரரைக் கேட்டார். அவர் உள்ளதைச் சொல்கிற மனிதர். “சத்தமெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா இன்னைக்கு லோடு கொஞ்சம் ஜாஸ்தி இழுக்குது” என்றார். சீரியல் லைட்டையும் சேர்த்துத்தான் சொன்னார். அண்ணன் மேடைக்கு ஓடிவந்து, “பாத்தியாடா, இஞ்சினே உணருது!” என்றார். அந்த ஒரு பேஸ் மட்டும் அவரிடம் கொஞ்சகாலம் தங்கியது.

உண்மையில் வித்தியாசம் தெரிவதற்கு எங்கள் தொழிலில் வழியே கிடையாது. கச்சேரிகளில் பாதி கல்யாண ரிசப்ஷன். மண்டபத்தில் தரை கிரானைட், சுவர் டைல்ஸ். தாழ்ந்த சத்தம் அதற்குள் புகுந்தால் வெளியேற வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பேஸின் உடம்பு ஆல்டர் மரமோ ஆஷ் மரமோ, கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்-அப் அமெரிக்காவோ ஜப்பானோ, பத்தாவது வரிசைக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் ஒரே ‘கும்’. இதில் சவுண்டுக்காரர் வேறு மிக்சரில் பேஸ் சேனலின் திருகுகளை எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருப்பார். “நீங்க எதக் கொண்டாந்தாலும் எனக்கு இதுதாண்ணே செட்டிங்” என்பது அவருடைய கொள்கை. மறுநாள் மண்டபத்தில் எடுத்த வீடியோவைப் போனில் போட்டுக்காட்டி, “இப்ப கேளு” என்பார் அண்ணன். பேஸின் திறந்த ‘ஈ’ கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. போனுக்குள் இருக்கிற பொட்டு ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைத் தரவே முடியாது. அவருக்கு மட்டும் கேட்கும். தலையாட்டிக்கொண்டே கேட்பார்.

நாலு கம்பியிலிருந்து ஐந்து கம்பிக்கு மாறினாரே, அதற்கு மட்டும் நியாயமான காரணம் இருந்தது. ஐந்தாவது கம்பி இன்னும் கீழே, 31 அதிர்வுக்குப் போகும். “பாடுறவங்களுக்கு வயசாக வயசாக கட்டை இறங்கும் தம்பி. ‘ஈ’யில இருந்த பாட்டை ‘டி’யில கேக்குறாங்க. நாலு கம்பியில ‘ஈ’க்குக் கீழ பள்ளம், எங்க போயி வாசிக்கிறது?” என்றார். எங்கள் பாடகர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அந்தச் சண்டை தனிக் கதை.

விரல்பலகை மேப்பிளா ரோஸ்வுட்டா என்று ஒரு வருஷம் போயிற்று. வெளிநாட்டுக் கம்பெனிகள் பல ரோஸ்வுட் என்று போடுவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரத்தைத்தான். அதை இறக்குமதி வரியும் சேர்த்துக் கட்டி, திரும்ப ஊருக்கே வரவழைத்தார். பெடல்கள் பற்றி நான் எழுதப்போவதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். ஒன்றை விற்றுத்தான் இன்னொன்று. சுற்றுவட்டாரத்தில் பேஸ் வாசிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எல்லோரும் இதே நோய்க்காரர்கள். இவர் விற்றதைத் திருச்சிக்காரர் வாங்குவார், அவரிடமிருந்து திண்டுக்கல்லுக்குப் போகும், வைத்த மொய்போல ஒரு சுற்று சுற்றிக் கடைசியில் இவரிடமே வந்து சேரும். என்ன, மொய் கூடித் திரும்பும். இது கீறலோடு திரும்பும். தான் விற்ற பேஸைத் தானே, விற்றதைவிட அதிக விலை கொடுத்து வாங்கிவந்து, “தம்பி, இவனுக்கு என்மேல ஒரு ஞாபகம் இருக்குடா” என்று தடவிக்கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். வித்தியாசம் தெரிகிறதா என்று அன்றைக்கும் கேட்டார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலபுருஷர் லியோ ஃபென்டர். ரேடியோ ரிப்பேர் பார்த்த அமெரிக்கர், கிடார் வாசிக்கத் தெரியாதவர். ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்த வாத்தியக்காரர்களுக்காக 1951-இல் தோளில் மாட்டுகிற மாதிரி ‘பிரிசிஷன் பேஸ்’ என்று ஒன்று செய்தார். 1960-இல் கழுத்தை ஒல்லியாக்கி, பிக்-அப்பை இரண்டாக்கி ‘ஜாஸ் பேஸ்’ செய்தார். இன்றைக்கும் உலகத்தில் விற்கிற பேஸ்களில் பெரும்பகுதி இந்த இரண்டின் பேரப்பிள்ளைகள். இதை நான் ஒருமுறை எடுத்துச் சொல்லி, “அப்ப ரெண்டு வாங்கினா போதுமே” என்றேன். “வாசிக்கத் தெரியாதவர் செஞ்சது. வாசிக்கிறவனுக்குத்தான் குறை தெரியும்” என்று முடித்துவிட்டார்.

டெட்ராய்ட்டின் மோடவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன்தான் அவருக்குக் குலசாமி. வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று, ஒரே ஒரு 1962 மாடல் பிரிசிஷன், அறுந்தாலொழிய மாற்றாத கம்பி. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு காலத்தின் பாட்டையே தாங்கியவர். குலசாமியைக் கும்பிடுகிறவர் அவர் சொன்னபடி நடக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. இருந்தாலும் ஒரு வருஷம் கம்பி மாற்றாமல் விரதம் இருந்தார். சத்தம் ஈரத்துணியால் மூடியதுபோல் ஆனதும், பழைய கம்பியை வேகவைத்தால் புதுசாகும் என்று எங்கேயோ கேட்டுவந்தார். பொய்யில்லை, உலகம் முழுக்க பேஸ்காரர்கள் செய்வதுதான். கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் கிடந்தால் சுற்றுக்கம்பிக்குள் ஏறிய விரல் அழுக்கும் எண்ணெயும் கழன்றுவிடும், சில கச்சேரிக்கு மணி போல ஒலிக்கும். ஆனால் அவர் அதற்கு எடுத்தது அண்ணியின் ரசப் பாத்திரம். அண்ணி எனக்குப் போன் செய்து, “தம்பி, நீங்களாச்சும் கேளுங்க, மனுஷன் கம்பியை அவிச்சுக்கிட்டு இருக்காரு” என்றார். பின்னணியில் அண்ணன் குரல் கேட்டது: “அவன்கிட்டயே கேளு, நேத்து கச்சேரியில வித்தியாசம் தெரிஞ்சுதானு!”

குற்றம் முழுக்க அவருடையது என்றும் சொல்லமாட்டேன். இளையராஜா பாட்டில் பேஸ் ஓரமாக நிற்பதில்லை. பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக நடந்துகொண்டிருக்கும். ‘மௌன ராகம்’ வந்த 1986-இல் இவர் பள்ளிக்கூடப் பையன். ஊரே மெட்டை முணுமுணுத்தபோது இவர் மட்டும் அடியில் ஓடுகிற பேஸை வாயால் வாசித்துக்கொண்டு திரிந்தாராம். ராஜாவுக்கு நெடுங்காலம் வாசித்த சசிதரன், பிறகு ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் என்று அவர் சொல்கிற பெயர்களை ரிசப்ஷனுக்கு வருகிற ஆயிரம் பேரில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பாடுகிறவர் முகம் தெரியும், தபேலாவுக்குக் கைதட்டு விழும், என் கீபோர்டில் புல்லாங்குழல் வந்தால் குழந்தைகள் எட்டிப்பார்க்கும். பேஸ் வாசிப்பவரிடம் ஒரு கல்யாணத்தில் ஒரு பெரியவர் வந்து கேட்டது, “உங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு கம்பி குறைச்சலா குடுத்திருக்காங்க?”

இன்னொன்றும் சொல்லவேண்டும். புதுப் பாடகர்கள் பதற்றத்தில் இரண்டாவது பல்லவியை விட்டுவிட்டு நேரே சரணத்துக்குத் தாவிவிடுவார்கள். நான் இன்னும் இடையிசையில் இருப்பேன், தபேலா நடையை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பாடகர் மூச்சை இழுக்கும்போதே பேஸ் அண்ணன் சரணத்தின் முதல் சுரத்தில் போய் உட்கார்ந்திருப்பார். அவரைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் கரையேறுவோம். சபைக்கு ஒன்றும் தெரியாது. அன்று அவர் கையில் இருப்பது ஓட்டை பேஸா ஒரு லட்சத்து பேஸா என்பதும் எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்: “அண்ணே, நீங்க எதை எடுத்தாலும் உங்க சத்தம்தான்ணே வருது. அது விரல்ல இருக்கு.” பாராட்டாகத்தான் சொன்னேன். “அப்ப இதுலயும் வித்தியாசம் தெரியலயா?” என்றார். இரண்டு கச்சேரிக்கு என்னோடு பேசவில்லை. மூன்றாவது கச்சேரிக்குப் புதுப் பையோடு வந்தார்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். பேஸுக்குள் இருக்கிற ஒன்பது வோல்ட் பேட்டரி நடுக்கச்சேரியில் செத்துப்போகும். ஜாக்கைச் செருகியே வைத்திருந்தால் அது தீர்ந்துகொண்டே இருக்கும் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் செருகியபடியே டீக்குப் போவார், பிறகு தொகுப்பாளரின் கார்ட்லெஸ் மைக்கைத் திறந்து அதன் பேட்டரியைப் பிடுங்குவார். “மணமக்களுக்கு நம் குழுவின் சார்பில்...” என்று அந்தப் பையன் ஊமைப்படமாக வாயசைத்ததைக் கல்யாண வீடியோவில் இன்றும் பார்க்கலாம். வேனில் அவருடைய கேஸுக்கு ஒரு சீட், ஆம்புக்கு ஒரு சீட்; தபேலாக்காரர் படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து வருகிறார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். இதெல்லாம் வேடிக்கை இல்லை.

கேபிள் விஷயம் அதைவிட மோசம். விரல்பலகை மரத்துக்கும் பிக்-அப் சுற்றுக்கும் இவ்வளவு கொட்டுகிற மனிதர் ஒரு நல்ல கேபிள் வாங்கமாட்டார். எல்லா ஊரிலும் கடைசி நிமிஷத்தில் “தம்பி, ஒரு வயர் குடு” என்பார். என்னுடைய நீலக் கேபிள், கைக்காசு போட்டு வாங்கியது, போன பொங்கலுக்கு முன்னால் போனது. வெள்ளை டேப்பில் என் பெயரை எழுதிப் பின்னுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். கேட்கும்போதெல்லாம் “வீட்டுல இருக்குடா” என்றார். போன கச்சேரியில் அவர் பையிலிருந்து அது எட்டிப்பார்த்தது, எடுத்துப் பார்த்தேன். என் பெயர் இருந்த டேப்பின் மேல் இன்னொரு டேப், அதில் அவர் பெயர்.