வெட்டுப்புள்ளி அப்பா

என் மகன் இரண்டாம் தரத்திலேயே தமிழ்ப் புத்தகத்தைத் தடக்காமல் வாசிப்பான். கல்லடிக்கு வரும் சொந்தக்காரரையெல்லாம் கதிரையில் இருத்தி அவனை வாசிக்க விட்டு, பாராட்டை நான் வாங்கிக்கொள்வேன். ஒருநாள் மாமி எட்டிப் பார்த்தார். “மனே, மாடு மாடெண்டு வாசிக்கிறாய், படத்தில வள்ளமெல்லோ கிடக்கு?”

பிள்ளை மூன்று பக்கம் தள்ளி விரித்து வைத்திருந்தான். புத்தகம் முழுவதும் பாடம். பாடமாக்க வைத்தவன் நான்தான்: இரவில் நான் ஒரு வரி, அவன் ஒரு வரி. எழுத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை, காது போதுமாயிருந்தது. “அவர் தடக்குற இடத்திலதான் சேர் படிக்கிறார், நீங்க கொஞ்சம் பொறுக்கவேணும்” என்றார் வகுப்பு ரீச்சர். அரச உத்தியோகத்தன் நான். கோப்பை மாதக்கணக்கில் ஆறப்போடுவேன். பிள்ளை ஒரு சொல்லில் நிற்கும் அரை நிமிடம்தான் பொறுக்க ஏலாது.

சரி, ஊக்கமாவது கொடுப்போம் என்று சுவாமி விபுலானந்தரின் சமாதிக்குக் கூட்டிப்போனேன். 1929இல் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலய வளவில்தான் அது இருக்கிறது. காரைதீவில் பிறந்தவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

“இவர் புலமைப்பரிசில் பாஸா, அப்பா?”

குற்றம் அவனுடையதல்ல. கெட்டிக்காரக் கிராமத்துப் பிள்ளைகளை விடுதியுள்ள மத்திய கல்லூரிகளுக்கு எடுக்கவென்று கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் வந்த பரீட்சை அது; எழுதுவது ஐந்தாம் தரத்தில். எங்கள் வீட்டிலோ பிள்ளை பால்பல் விழ முதலே சோற்றோடு சேர்த்து வெட்டுப்புள்ளியையும் பிசைந்து ஊட்டியிருந்தேன்.

சமாளிக்க, “சுவாமி யாழ் நூல் எழுதினவர், 1947இல வந்தது, எங்கட அலுமாரியிலயும் இருக்கு” என்றேன். வீட்டுக்கு வந்ததும் எடுக்கச் சொன்னான். அலுமாரித் திறப்பைத் தேடவே நேரமெடுத்தது.

“இதில என்ன இருக்கு?”

“பழைய யாழுகளப் பற்றி. நரம்பு, சுருதி எல்லாத்துக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்.”

“என்ன கணக்கு?”

முன்னுரையைத் தாண்டாதவனிடம் கேட்கும் கேள்வியா இது? கந்தோர்க் கோப்பொன்று அவசரம் என்று எழும்பினேன். ஞாயிற்றுக்கிழமை கந்தோர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.