மூங்கில் பீரங்கி வெடிக்கத் துடிப்போருக்கு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஆள் சேர்க்கத் தொடங்குங்கள். மலேசியாவின் கூலிம் வட்டாரத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நோன்புப் பெருநாளுக்குக் கம்பத்தில் கார்பைட் பீரங்கி முழங்கியதைக் கேட்டுவிட்டு, “நாம மட்டும் சளைச்சவங்களாடா?” என்று லூனாஸிலும் பாடாங் செராயிலும் நாலு பேராவது காத்திருப்பார்கள். விளக்கம் சொல்ல, வேதியியலில் தோற்ற ஒருவர் கட்டாயம் வேண்டும். பிறகு “அப்பவே சொன்னேன்” என்று சொல்ல ஒருவர். நெருப்பு வைக்க, புருவம் அடர்ந்தவரைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் போனாலும் தாங்குவார்.

இடம், செம்பனைத் தோட்டத்து ஓரம். கூலிம் ஹைடெக் பார்க் 1996இல் திறந்ததிலிருந்து இங்கே நிபுணர்களுக்கும் குறைவில்லை. தூசி பட்டால் சிப் கெட்டுவிடும் என்று பகலெல்லாம் தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு வேலை செய்யும் அண்ணன், ஷிப்ட் முடிந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைலியோடு வந்து பீரங்கி முன்னால் குந்துவார்.

விளக்கம் சொல்பவர் இப்படித் தொடங்கலாம்: கால்சியம் கார்பைடில் தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு வரும், சுண்ணாம்பு மிஞ்சும். 1862இல் ஜெர்மானியர் வோலர் இதைக் கண்டார். 1892இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் மின் உலையில் வேறெதையோ எடுக்கப் போய், கார்பைடை மலிவாகச் செய்யும் வழியில் தடுக்கி விழுந்தார். வேறெதற்கோ போய் இதில் விழுவது அன்றே தொடங்கிய மரபு என்று உங்கள் குழுவும் பெருமைப்படலாம். பூண்டு மாதிரி ஒரு நாற்றம் வரும். அது அசிட்டிலின் அல்ல. கார்பைடில் கலந்த அழுக்கு தரும் பாஸ்பீன். அது நஞ்சு. “என்னடா வாசனை?” என்று மூக்கை நீட்டுகிறவரைப் பின்னால் உட்கார வையுங்கள்.

இந்த நேரம் பார்த்துத் தாத்தா ஒருவர் வருவார். “அந்தக் காலத்துல கார்பைட் விளக்க நெத்தியில கட்டிக்கிட்டுத்தான் பால் வெட்டப் போனோம். யாருக்கு என்ன ஆச்சு?” மரியாதையாகத் தலையாட்டுங்கள். விளக்கில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். வருகிற வாயு சிறு துளை வழியே அப்போதைக்கப்போது எரிந்து தீரும். மூங்கிலுக்குள் அது காற்றோடு கலந்து அடைந்து கிடக்கிறது. சமையல் எரிவாயு காற்றில் சுமார் 2 முதல் 10 விழுக்காடு வரை இருந்தால்தான் பற்றும். அசிட்டிலினோ 2.5 விழுக்காட்டில் பற்றும், 80 விழுக்காட்டிலும் பற்றும். அளவு தெரியும் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார்.

இனி முக்கியமான கட்டம். முதல் தடவை வெடிக்காது. அப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் கிட்டே வர வேண்டும். ஒருவர் மூங்கிலைத் தட்டுவார். ஒருவர் “தண்ணி பத்தல மச்சான்” என்பார். மூன்றாமவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வாயருகே வைத்து உள்ளே பார்ப்பார். பீரங்கி இத்தனை நேரம் எதிர்பார்த்திருந்தது அவரைத்தான்.

2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் இந்தக் கட்டத்தை வெகு சிறப்பாகச் செய்து காட்டினார்கள். பிளாஸ்டிக் குழாயில் செய்த கார்பைட் துப்பாக்கியால் போபாலிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்ணில் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். சிலருக்குப் பார்வையே போனது. நெருப்பு சுட்டதோடு நிற்பதில்லை. கூடவே தெறிக்கும் சுண்ணாம்பு கருவிழியை அரிக்கிறது.

செலவுக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். கார்பைட், மூங்கில் எல்லாம் சில்லறைக் காசு. மலேசியாவின் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தில் மாட்டினால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். பங்கு போட்டுக் கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் நாலு பேரில் மூன்று பேருக்கு உங்களை யாரென்றே தெரியாது.

இவ்வளவு படித்த பிறகும் பாராங்கை எடுத்துக்கொண்டு மூங்கில் வெட்டக் கிளம்புகிறவரிடம் ஒன்றே ஒன்று. கண்ணில் தெறித்தால் கசக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவுங்கள். கழுவிய கையோடு கூலிம் மருத்துவமனைக்குப் போய், என்ன தெறித்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.